கறுப்பாய்ப் பிறந்த தங்கமீன்கள்

எங்கள் வீட்டுக்குத் தங்கமீன்கள் ஓர் எவர்சில்வர் தூக்கில் வந்து சேர்ந்தன. சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்குமாக லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் தாய்மாமா, வரும்போதெல்லாம் ஏதாவது தின்பண்டம் கொண்டுவருவார். அன்றும் அப்படித்தான் என்று நினைத்த அம்மா, தூக்கை வாங்கி நேரே அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்தாள். உள்ளே தணல் துண்டுபோல் ஏதோ புரண்டது. அம்மா போட்ட கூச்சலில், முன்கட்டில் தறியில் உட்கார்ந்திருந்த அப்பா ஊடுநூல் ஓட்டும் நாடாவைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஜப்பான் மீனு, அக்கா," என்றார் மாமா, ஜப்பானுக்கே லாரி ஓட்டிப் போய் வந்தவர்போல. "மூர் மார்க்கெட்ல வாங்கினேன். பெரிய பெரிய பங்களாவுலலாம் இதான் வளக்கறாங்க."

அந்த மீன்களின் பாட்டன் முப்பாட்டன்கள் ஜப்பானில் வாழ்ந்தார்களோ, கூவம் கரையில் வாழ்ந்தார்களோ, யார் கண்டது? ஆனால் அடுத்த நாள் காலையில் எங்கள் தெரு முழுக்க அவை ஜப்பான் மீன்களாகிவிட்டன. அந்தச் செய்தியைப் பரப்பியது நான்தான். எனக்கு அப்போது எட்டு வயது.

அப்பாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எங்கள் தெருவில் கறி சமைக்கிற வீடுகளும் உண்டு, சமைக்காத வீடுகளும் உண்டு. எங்களுடையது சமைக்காத வீடு. "சைவ வீட்டுக்கு மீனு வாங்கினு வந்துக்கிறான் பாரு," என்று முணுமுணுத்துவிட்டுத் தறிக்குத் திரும்பினார். ஆனாலும் பின்கட்டில் பட்டு அலசுவதற்காகக் கட்டி, பிறகு உபயோகமில்லாமல் கிடந்த பெரிய சிமெண்டுத் தொட்டியில் மீன்களை விட்டுக்கொள்ள அவர் தடை சொல்லவில்லை. அக்காவும் நானும் தேங்காய் நாரால் அந்தத் தொட்டியைத் தேய்த்துத் தேய்த்துப் பழைய சவுக்காரப் பிசுக்கை எடுத்தோம். நீர் நிரப்பி, கொட்டி, மறுபடி நிரப்பி, வெயிலில் ஆறவிட்டு, அதன் பிறகுதான் அக்கா மீன்களை விட்டாள். பச்சைத் தண்ணீரில் அவை ஒரு சுற்று சுற்றி வந்தபோது, ஜரிகைக்குப் பெயர்போன எங்கள் ஊரில் அப்படி ஒரு மினுக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை என்று தோன்றியது.

அக்காவுக்கும் எனக்கும் வயதில் நிறைய இடைவெளி. அந்த வருஷம்தான் அவள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியிருந்தாள். வைகாசிக் கருடசேவைக் கூட்டமெல்லாம் வடிந்த சமயத்தில் பரீட்சை முடிவு வந்தது. பள்ளிக்கூடத்திலேயே விஞ்ஞானத்தில் அவள்தான் முதல். விஞ்ஞான டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்து, காலேஜில் சேர்த்து பி.யு.சி. படிக்கவைக்கச் சொல்லி அப்பாவிடம் பேசினார். படிக்க வேண்டுமென்றால் சென்னையில் விடுதியில் தங்கியாக வேண்டும். அப்பா டீச்சருக்குக் காபி கொடுக்கச் சொன்னார், மரியாதையாகப் பேசினார், வாசல்வரை வந்து வழியனுப்பினார். உள்ளே வந்து, "படிச்ச வரைக்கும் போதும்மா," என்றார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அப்பா ஒரு தடவை சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

அக்கா அழவில்லை. மறுநாளிலிருந்து பின்கட்டிலேயே கிடந்தாள். நான் அதை மீன்களின் மேல் இருந்த ஆசை என்று எடுத்துக்கொண்டேன்.

தொட்டி அவளுடைய ராஜ்யமானது. ஆனி வெயிலில் தண்ணீர் கொதிக்காமல் இருக்கக் கோணிப்பைகளை நனைத்துப் பந்தல்போல் கட்டினாள். கிணற்றுத் தண்ணீரை நேரே ஊற்றாமல், வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்திருந்துதான் ஊற்றுவாள். ஏரியிலிருந்து ஆகாயத்தாமரைகளைக் கொண்டுவரச் செய்து மிதக்கவிட்டாள். ஐப்பசி மழை அடித்துப் பெய்தபோது தொட்டி வழிந்து ஒரு மீன் சாக்கடையோடு போய்விட்டது. பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் ஓர் அம்மாள் இருந்தார். மழை விட்டதும் அவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "அம்மாயி, உங்க வீட்டுத் தங்கம் எங்க முத்தத்துல கெடந்துச்சு, பத்திரமா எண்ணி எடுத்துக்கோ," என்று குடத்தைச் சாய்த்தார். மார்கழியில் மீன்கள் அடியில் போய் அசையாமல் நின்றன. பொரி போட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. செத்துவிடுமோ என்று நான் பயந்தேன். "குளுருதுல்ல, பசிக்காது. அதுங்கள சும்மா விடு," என்றாள் அக்கா.

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும்தான் அந்தச் சம்பவம் நடந்தது.

ஒரு நாள் காலையில் சில மீன்களின் கன்னத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருந்ததைப் பார்த்தேன். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. ஊரெல்லாம் அம்மை ஊசி போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

"முத்து போட்ருக்குதுடி," என்று மெதுவாகச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீன்களுக்கு அம்மை. பின்வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. தொட்டிக்குள்ளும் ஒரு கொத்து விழுந்தது. தாளிப்பது நின்றது. கடுகு வாசனையே இல்லாத குழம்பை அப்பா பிசைந்து பார்த்துவிட்டு, "மீனுக்கு அம்மன்னா எனக்கின்னாத்துக்கு பத்தியம்?" என்று கேட்டார். அம்மா மோரை நகர்த்தி வைத்தாள். நான் தெருப் பிள்ளைகள் யாரையும் பின்கட்டுக்கு விடவில்லை. அதுவும் ஒரு பெருமையாகத்தான் இருந்தது. வேறு யார் வீட்டு மீனுக்கு அம்மன் வந்திருக்கிறாள்?

அக்கா மட்டும் தொட்டி விளிம்பில் முகவாயை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, அம்ம கண்டது இப்டி ஓடுமா? பாரேன். புள்ளி இருக்கறதுங்கதான் தொரத்துது. புள்ளி இல்லாததுங்க ஓடுது. புள்ளி வச்சதெல்லாம் ஆம்பள மீனும்மா."

அம்மா குனிந்து பார்த்தாள். புள்ளிக்காரர்கள் இரண்டு பேர், வயிறு உப்பிய ஒரு மீனைத் தொட்டியின் ஓரத்துக்கும் ஆகாயத்தாமரை வேருக்குமாக முட்டி முட்டித் துரத்திக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் முகம் சிவந்தது. "ஏன் தொரத்துதும்மா?" என்று நான் கேட்டேன். "போய் கடையில கடுகு வாங்கினு வா," என்றாள்.

ஆகாயத்தாமரையின் வேர்களில் வெந்த ரவைபோல் முட்டைகள் ஒட்டியிருந்தன. நானும் அக்காவும் கைதட்டி முடிப்பதற்குள் பெரிய மீன்களே அவற்றைக் கொத்தித் தின்றுவிட்டன. நான் அழுதேன். அக்கா அழவில்லை, யோசித்தாள். மறுபடி அவை துரத்தத் தொடங்கியபோது அவள் தயாராக இருந்தாள். முட்டை ஒட்டியதும் வேரோடு செடிகளைத் தூக்கி, மாடு வைத்திருந்த காலத்துக் கல்தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் போட்டுவிட்டாள். சில நாளில் அந்தக் கல்தொட்டியின் பக்கங்களில், கண் மட்டும் வைத்த நூல் துணுக்குகள்போல் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு நின்றன. நான் தெரு முழுக்க ஓடினேன். எங்கள் அக்கா மீன் பொரிக்க வைத்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டே போனேன். பலர் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு அம்மாவிடம் விசாரித்தார்கள்.

ஆனால் குஞ்சுகள் சாகத் தொடங்கின. அரிசி மாவு தூவிப் பார்த்தாள் அக்கா. பொட்டுக்கடலையை அரைத்துச் சலித்துப் போட்டாள். தண்ணீர்தான் நாறியது. ஒவ்வொரு காலையிலும் அடியில் வெள்ளையாய்ப் படிந்தவற்றை அவள் ஒரு கரண்டியால் அள்ளி வாழைமரத்தடியில் கொட்டுவாள். அந்த வாரம் வந்த மாமா, மார்க்கெட்டில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். "அவிச்ச முட்டையோட மஞ்சக்கரு வேணுமாம். துணியில கட்டி தண்ணியில கசக்கி உடணுமாம். வேற எதுவும் அதுங்க வாய்க்குப் போவாதாம்."

அக்கா முன்கட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அப்பா தறியில் இருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கையை நிறுத்தாமலே சொன்னார்: "இந்த வீட்டு வாசப்படிய முட்ட தாண்டனது இல்லம்மா. எங்கப்பா காலத்துலயும் இல்ல. வேணாம்."

அக்கா நகரவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் அவள் திரும்பிவிடுவாள்.

"இதுவும் வேணாமாப்பா?" என்றாள்.

தறிச் சத்தம் நின்றது. அவள் குரலை உயர்த்தவில்லை. 'இதுவும்' என்று சொன்னாள், அவ்வளவுதான். அந்த 'உம்' என் காதில் விழவில்லை. அப்பாவின் காதில் விழுந்தது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அக்காவும் பார்த்தாள். பிறகு அவள் பின்கட்டுக்குப் போய்விட்டாள். அப்பா வெகுநேரம் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் சொக்காய் நுனியைக் கடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பா வெளியே போய்விட்டுத் தெருவாசல் வழியாக வரவில்லை. பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றி வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை இரண்டு விரல்களால், தேளைத் தூக்குவதுபோல் எடுத்து, துவைக்கிற கல்லின் மேல் வைத்தார். கிணற்றில் தண்ணீர் சேந்தித் தலையோடு ஊற்றிக்கொண்டார். ஈரத்தோடு உள்ளே போகும்போது, "வாசப்படிய தாண்டக் கூடாது. இங்கியே வச்சிக்கோ," என்று கிணற்றைப் பார்த்துச் சொன்னார்.

பொட்டலத்தில் ஓர் அவித்த முட்டை இருந்தது.

அக்கா தொட்டதில்லை, நானும் தொட்டதில்லை. முட்டை ஓட்டை எப்படி உரிப்பது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு உரித்துக்கொண்டோம். மஞ்சளைக் கட்டுவதற்கு அக்கா ஒரு துணியை எடுத்தாள். உள்ளே போன அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். "அது கெட்டித் துணி, எறங்காது," என்றார். கொடியில் கிடந்த தன் பழைய அங்கவஸ்திரத்தை எடுத்தார். துவைத்துத் துவைத்துக் கொசுவலைபோல் ஆகிப்போனது அது. விளிம்பைப் பல்லால் கடித்து ஒரு துண்டு கிழித்து அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அதில் மஞ்சளை முடிந்து கல்தொட்டியில் மெதுவாகக் கசக்கினாள். மஞ்சள் மேகம்போல் தண்ணீரில் அது பரவியது. நூல் துணுக்குகளெல்லாம் அதற்குள் புகுந்தன. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு குஞ்சின் வயிற்றிலும் ஒரு மஞ்சள் பொட்டு தெரிந்தது. அப்பாவும் குனிந்து பார்த்தார். "துன்னுதே!" என்றார்.

அதன் பிறகு அடிக்கடி பொட்டலம் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கறிச்சோறு போடும் மிலிட்டரி ஓட்டலிலிருந்து அப்பா வெளியே வருவதை யாரோ பார்த்துவிட்டார்கள். தெருவில் பேச்சு பரவியது. அம்மாவிடம் ஜாடையாகக் கேட்டவர்களிடம், "அவருக்கில்லீங்க, மீனுக்கு," என்று அம்மா உண்மையைச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. மீன் முட்டை தின்கிறது என்பதைவிட, அப்பா தின்கிறார் என்பதுதான் அவர்களுக்கு நம்பும்படியாக இருந்தது. தறிக்கு நீள நூலை இழுத்துப் பாவு போடும் இடத்தில் நாலுபேர் சிரித்ததாகவும் கேள்வி. அப்பா மறுநாளும் போனார்.

குஞ்சுகள் பிழைத்தன. விரல் நகம் அளவுக்கு வளர்ந்தன. ஆனால் வளர வளரத்தான் அந்த அநியாயம் தெரிந்தது. ஒன்றுகூடத் தங்கமாக இல்லை. எல்லாம் கறுப்பு. வெறும் கறுப்பும் இல்லை, ஏரிச் சேற்றின் நிறம். நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். பக்கத்து வீட்டு அம்மாளேகூட, "இன்னா அம்மாயி, நம்ம ஏரி கெண்டைப் பொடி மாதிரி இருக்குதே," என்று வருத்தத்தோடு சொன்னார். அவருடைய வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. வாசலில் நின்றிருந்த அப்பாவிடம், எல்லோர் முன்னாலும், "இன்னாபா, தங்கத்துக்குத் தகரம் பொறந்திருக்குதாமே? முட்டையெல்லாம் வீணா?" என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. அப்பா நிதானமாக வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"பாவு போட்ட அன்னிக்கே பொடவ தெரியுமாய்யா உனக்கு?" என்றார். "எம் பொண்ணு பண்ணிக்கினு இருக்கறா. முடிச்சப்புறம் வந்து பாரு."

அவருக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவை என்றைக்காவது நிறம் மாறும் என்று மாமாவுக்கும் தெரியாது, மூர் மார்க்கெட்காரர் சொல்லியும் அனுப்பவில்லை. அக்காவுக்கே அப்போது நம்பிக்கை இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அதைக் கேட்ட அவள், உள்ளே போய், அந்த வருஷத்தில் முதல் தடவையாக ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள்.

அடுத்த வைகாசி கழிந்து, வெயில் தணியாமல் இருந்த ஒரு காலையில், கல்தொட்டியில் ஒரு குஞ்சின் வயிற்றோரம் வெளுத்திருப்பதை நான்தான் முதலில் பார்த்தேன். நோய் என்று நினைத்தேன். மறுநாள் அந்த வெளுப்பு மஞ்சளானது. மஞ்சள் மேலே ஏறியது. ஒரு வாரத்துக்குள் முதுகில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் பாக்கி. பிறகு அதுவும் போய்விட்டது. அதைத் தொடர்ந்து இன்னொன்று, அப்புறம் கூட்டமாக. காலையில் எழுந்தவுடன் தறிக்குப் போகிற அப்பா, இப்போது முதலில் பின்கட்டுக்கு வந்தார். "இது மாம்பழ மஞ்சள். இது மொளகாப்பழச் சிவப்பு. தோ, அது அரக்கு," என்று தன் பட்டுக்குரிய பெயர்களையெல்லாம் மீன்களுக்கு வைத்தார். "எந்தச் சாயக்காரன்யா இப்டி போடுவான்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். தகரம் என்று சொன்னவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினார். புடவை எடுக்க வந்த கடைக்காரர்களைக்கூடப் புடவையைக் காட்டுவதற்கு முன் பின்கட்டுக்கு அழைத்துப் போனார்.

எனக்கோ ஒரே ஒரு கவலைதான். குட்டிகளைப் பெரிய தொட்டியில் எப்போது சேர்ப்பது? அக்காவைத் தினமும் கேட்டு நச்சரித்தேன். "பெருசுங்க கடிச்சிடும், இன்னும் கொஞ்சம் வளரட்டும்," என்பாள் அவள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு வெளியே போய், விஞ்ஞான டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். போன வருஷம் காபி கொடுத்து அனுப்பிய அதே டீச்சர். நேரே பின்கட்டுக்கு அழைத்து வந்தார். கன்னத்தில் வந்த முத்து, வேரில் ஒட்டிய முட்டை, கல்தொட்டி, நிறம் ஏறிய கதை என்று எல்லாவற்றையும் அவரே சொன்னார். மிலிட்டரி ஓட்டலை மட்டும் விட்டுவிட்டார். டீச்சர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "யாரு சொல்லிக்குடுத்தாங்க இதெல்லாம்?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லிக்குடுக்கல. அவளே பாத்துப் பாத்துக் கண்டுபுடிச்சா," என்றார் அப்பா. அக்கா கிணற்றடியில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்பா அவள் பக்கம் திரும்பாமல், தொட்டித் தண்ணீரைப் பார்த்துக் கேட்டார்:

"இப்ப சேக்கலாமா டீச்சர்? ஒரு வருசம் போயிடுச்சே. நேரம் தாண்டிடலியே?"

எனக்குத் தெரிந்த விஷயம் அது. டீச்சர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சேக்கலாம்பா! நல்லா வளந்துடுச்சு. இனிமே பெருசுங்க கடிக்காது!"

டீச்சர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்ததா கண்ணீர் வந்ததா என்று தெரியவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பாப்பா சொல்றது சரிதாங்க. தாராளமா சேக்கலாம். நானே கூட வந்து சேத்து விடறேன்," என்றார்.

கிணற்றடியில் வாளி விழுந்த சத்தம் கேட்டது. அக்கா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அம்மா ஓடிப்போய் அவளை அணைத்துக்கொண்டாள். அப்பா வாழைமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இவ்வளவு நாள் கண்ணுக்குள் வைத்து வளர்த்ததைப் பிரிய அக்காவுக்கு மனசு வரவில்லை என்று நான் நினைத்தேன். எனக்கு அவள் மேல் இரக்கமாகவும், டீச்சர் மேல் கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. இவ்வளவும் செய்தது எங்கள் வீடு. கடைசியில் வந்து பெயர் தட்டிக்கொண்டு போக இவர் யார்?

"நீங்க எதுக்கு டீச்சர்?" என்றேன். "நாங்களே சேத்துக்குவோம்."

சொன்னதோடு நிற்கவில்லை. பெரியவர்கள் எல்லோரும் ஏதேதோ பேசிக்கொண்டு உள்ளே போனதும், சல்லடையை எடுத்து, குட்டிகளை ஒவ்வொன்றாக மொண்டு பெரிய தொட்டியில் விட்டேன். அவை ஒரு நொடி திகைத்து நின்றன. பிறகு வாலை அடித்துக்கொண்டு அந்தப் பெரிய தண்ணீருக்குள் பாய்ந்தன.